ஐம்பது மடங்கு

இந்தக் கொட்டகையில் முன்பு சுழன்றது பால்.
கித்தாப்பாலைச் சுழற்றிக்
கெட்டியை ஒரு குழாயிலும்
தண்ணியை இன்னொரு குழாயிலும் பிரித்தார்கள்.
அமோனியா வாடை தூண்களில் இன்னும் உண்டு,
மழைக்கு முந்திய மாலைகளில் மட்டும்.

இப்போது சுழல்வது மண்.

பெட்டியின் நீளம் இரண்டு முழம்.
அதற்குள் சுங்கை கெலாடியின் ஈயக்குட்டை,
குட்டையைத் தூர்த்த மணல்,
மணல்மேல் விரல் தடிமனில் ஒரு பித்தளைத் தகடு.
தகட்டின் பெயர் சி புளோக்.
ஐந்து மாடி, எண்பது வீடு,
எல்லாருடைய பீரோவும் கட்டிலும் சேர்த்து
அவ்வளவுதான் கனம்.
மூன்றாம் மாடியில் என் துணி காய்கிறது.

மணலைத் தூவுவது என் வேலை.
சல்லடையை ஒரே உயரத்தில் பிடிக்க வேண்டும்.
கை தாழ்ந்தால் மண் தளரும், உயர்ந்தால் இறுகும்.
குட்டையை மூடிய லோரிக்காரர்கள்
எந்த உயரத்திலிருந்து கொட்டினார்கள் என்று
யாரும் குறித்து வைக்கவில்லை.
டாக்டர் ரொஸ்னானி ஓர் எண் சொன்னார்.
அந்த எண்ணுக்குத் தூவினேன்.

சுருங்கிய ஊரில் தண்ணீர் அவசரமாய் ஓடிவிடும்.
அதனால் பொடி கலந்து
நல்லெண்ணெய்ப் பதத்துக்கு அதைத் தடிக்க வைத்தோம்.
மண் எப்படி நகர்ந்ததென்று பிறகு தெரிய
நீலச்சாயம் ஏற்றிய மீஹூனை
நெட்டுக்குத்தாய் நட்டோம்.
பாசாரில் சியூ லான் கடையில் வாங்கியது.
பில்லில் ‘ஆய்வுப் பொருள்’ என்று எழுதச் சொன்னேன்.
இன்னொரு பொட்டலம் வேண்டுமா, ஆராய்ச்சிக்கு, என்றாள்.

பொத்தானை ஹரிதாஸ் அழுத்தினான்.
தொங்கிய பெட்டி மெல்ல மெல்ல எழுந்து
பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.
ஒரு துளி சிந்தவில்லை.
அதற்கு இனிக் ‘கீழே’ என்பது சுவர்ப்பக்கம்.
நிமிடத்துக்கு நூற்று இருபத்திரண்டு சுற்று.
ஒவ்வொரு மணலும் தன்னைப்போல்
ஐம்பது மணலைச் சுமந்தது.

அன்று இரவு, சுமத்ரா குலுங்கியபோது,
நாங்கள் எல்லாரும் கீழே கார் நிறுத்துமிடத்தில் நின்றோம்.
இருசப்பன் மீன்தொட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினார்.
யாரோ அரிசிக்குக்கரைத் தூக்கி வந்திருந்தார்கள், சோறோடு.
நாற்பது விநாடி, என்றது செய்தி.
ஒரு மணிநேரம் நின்றுவிட்டு ஏறிப் போனோம்.

இங்கே அந்த நாற்பதும்
ஒரு விநாடிக்குள் முடிந்துவிடும்.
அதுவும் அன்று வந்ததல்ல, அதைவிடப் பெரியது,
இன்னும் வராதது.
தும்மல் வந்தது எனக்கு.
தும்மி நிமிர்ந்தபோது
திரையில் கோடுகள் ஏறி நின்றிருந்தன.
மணலுக்குள் இருந்த தண்ணீர்
மணலைத் தூக்கிப் பிடித்திருந்தது.
அந்த நேரத்தில் அது மண் இல்லை, குழம்பு.

நிறுத்தி, திறந்து, அளந்தோம்.
தகட்டின் இடது ஓரம் எட்டு மில்லிமீட்டர் இறக்கம்.
ஐம்பதால் பெருக்கு: நாற்பது சென்டிமீட்டர்.
எங்கள் மாடிப்படியில் இரண்டு படி.
சாய்வு ஏறக்குறைய இரண்டு பாகை.
எழுதிவிட்டுப் பெருக்கப் போனேன்.
டாக்டர் என் பேனாவைப் பிடித்தார்.
‘கோணத்தை அப்படியே விடு.’
நீளம் பெருகும், காலம் பெருகும்,
சாய்வு மட்டும்
சின்ன ஊரிலும் பெரிய ஊரிலும் ஒன்றே.

அடுத்த பெட்டியில் கல்தூண் நடுகிறோம்.
அதற்கடுத்ததில் நெருக்கமாக.
அறிக்கைக்கு இன்னும் ஐந்து மாதம்.

படியேறும்போது இருசப்பன் கேட்டார்:
‘என்னா சொல்லுது ஒன் மிஷினு?’
இன்னும் மூணு பெட்டி பாக்கி, என்றேன்.
பொய்யில்லை.
இடது ஓரத்து வீடு அவருடையது.

மீதி மீஹூனை இரவுக்கு ஊறப் போட்டேன்.
நகக்கண்ணில் நீலம் போகவில்லை.
விறைத்து நின்ற இழைகள்
சட்டியின் விளிம்பில் ஒவ்வொன்றாய் வளைந்து
உள்ளே போயின.
கீழ்வீட்டில் யாரோ
புதுக் காலண்டர் மாட்ட
ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.